கரைத்துரையின் பெயர்

“எஞ்சின்கார ஸஹாப்தீன். குறிஞ்சாக்கேணி ஸஹாப்தீன்” என்று கமலேஸ்வரி மூன்றாம் தரமும் தொலைபேசிக்குள் கத்தினாள். கண்ணாடிக் கூட்டுக்கு வெளியே முறைக்குக் காத்து நின்றவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில், கிண்ணியாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஜெமீல், ஸஹாப்தீனை விட்டுவிட்டு, “ஆர் மௌத்து? ஆர் மௌத்து?” என்பதிலேயே நின்றான்.

“என்ர அப்பா. அருளம்பலம். விடியக்காலம போயிட்டார்.”

“இன்னா லில்லாஹி... ஆரு, போட்டுத் தண்டயலா?”

துறைமுகத்துப் படகை ஓட்டியவரை அந்தக் கரையில் இன்னமும் தண்டயல் என்றுதான் சொல்வார்கள். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் அந்தப் பேர் போகவில்லை.

“ஓம், ஜெமீல். ஸஹாப்தீன் மாமாட்ட ஓடிப்போய்ச் சொல்லுங்கோ. பதக்கத்தைக் கொண்டு வரட்டாம். எடுக்க முன்னம் வேணுமாம்.”

“எத?”

“பதக்கம்! அவருக்குத் தெரியும்!”

“தங்கமா?”

“ஐயோ, இல்லை—” என்று அவள் தொடங்க, கம்பி கரகரத்து அறுந்து போயிற்று. திரும்ப எடுக்கலாமென்றால் வெளியே நின்ற ஒரு கிழவர் கண்ணாடியில் விரலால் தட்டினார். அப்பா செத்துப்போன நாளிலும் வரிசை வரிசைதான். கமலேஸ்வரி றிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஜெமீலுக்கு விளங்கியதோ, தங்கம் என்று போய் ஊரைக் கூட்டப்போகிறானோ, ஒன்றும் தெரியவில்லை.

மனையாவெளியில் அவர்கள் வீட்டு ஒழுங்கையில் அதற்குள் வெள்ளைக் கொடி கட்டியாயிற்று. கொழும்பிலிருந்து இரண்டு நாளுக்கு முன்னரே வந்திருந்த அண்ணன் கனகசுந்தரம், பொலிசுக்குச் சொல்வது, ஐயருக்கு ஆள் விடுவது, பெட்டி, பறை எல்லாவற்றையும் விடிந்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டான். முற்றத்தில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினான்.

“ரெண்டு மணிக்கு எடுக்கிறம். ஆறு மணிக்கு ஊரடங்கு, ஒரு நிமிசம் பிந்தேலாது.”

“மாமா வரவேணும் அண்ணை. கிண்ணியாவில இருந்து.”

“வந்தால் நல்லது. வராட்டி என்ன செய்யிறது?”

“பதக்கம் அவரிட்டதான் கிடக்கு. அப்பா சொன்னவர், எடுக்க முன்னம் அது வரவேணுமெண்டு.”

கனகசுந்தரம் அவளைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் இல்லை, களைப்புத்தான். “கமலா, தகட்டுக்காகப் பிரேதத்தை வைச்சிருக்கேலாது. போன மாதம் பக்கத்துத் தெருவில செத்த வீட்டுக்குப் போன சனத்தைச் சுடலையால வரேக்க நேவி மறிச்சு, பொழுதுபடுமட்டும் றோட்டில இருத்தி வைச்சவங்கள்தானே. இண்டைக்கு வாற சனத்துக்கு நான்தான் பொறுப்பு.”

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் கமலேஸ்வரிக்கு ஆத்திரம். பிழையாக ஏதும் சொல்லியிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். ஏழு வருடமாக அந்தக் கிழவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துறைமுகத்துக் கதையை ஆயிரம் தரம் கேட்டவள் அவள். அண்ணனுக்கு அது தகடு.

அப்பா அவளிடம் எதையும் கேட்டு வாங்கும் ஆள் இல்லை. பாயில் விழுந்த பிறகுகூடத் தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்ப்பார், அவ்வளவுதான். போன கிழமை மாத்திரம் அவள் கையைப் பிடித்து, “எடுக்க முன்னம் அது வரவேணும் பிள்ளை” என்றார். எது என்று அவள் கேட்கவில்லை. “வரும் அப்பா, நான் பாப்பன்” என்றாள்.

கதை பழையது. சண்டை என்ற சொல்லுக்கு ஊரில் வேறு அர்த்தம் இருந்த காலம். ஒரு மார்கழிப் புயலில், துறைமுக வாய்க்கு வெளியே ஒரு கிரேக்கக் கப்பல் பாறையில் ஏறி நின்றுவிட்டது. உயிர்காப்புப் படகை எடுத்துக்கொண்டு ஐந்து பேர் போனார்கள். அப்பா தண்டயல். ஸஹாப்தீன் எஞ்சின். அபூதாஹிர், சிவகுருநாதன், குணபால மூவரும் கயிறும் கொக்கத்தடியும். போய்ப் போய் மூன்று தரம் வந்து, கப்பலில் இருந்த அத்தனை பேரையும் ஈரத் துணிமூட்டைகள் மாதிரி ஜெற்றியில் இறக்கினார்கள். மூன்றாம் தரம் வரும்போது படகின் ஒரு பக்கப் பலகை இல்லை. படகுப் பகுதிக்குப் பொறுப்பான துரை, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஜெற்றியில் நின்று ரோர்ச் அடித்தார்.

“சும்மா சொல்லக்கூடாது, ரோர்ச் நல்லாத்தான் அடிச்சவர்” என்று அப்பா சொல்வார்.

பிறகு கப்பல்காரர் வெள்ளிப் பதக்கம் ஒன்று அனுப்பினார்கள். ஒரு பக்கத்தில் அலைமேல் ஒரு படகு. மற்றப் பக்கத்தில் கப்பலின் பேர், வருடம், அதற்குக் கீழே துரையின் பேர். உயிர்காப்புப் படகுக்குப் பொறுப்பு யாரென்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள், துறைமுகக் கந்தோரிலிருந்து பொறுப்பானவரின் பேரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பொய் ஒன்றுமில்லை. துரைக்குக் கேக் வெட்டி விருந்து வைத்தார்கள். ஐந்து பேரும் கதிரை தூக்கிப் போட்டார்கள். அன்றைக்குத்தான் அபூதாஹிர், கரையிலேயே நின்ற அவருக்குக் கரைத்துரை என்று பேர் வைத்தார். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

கரைத்துரையும் ஒரேயடியாகக் கெட்டவர் இல்லை. மாற்றலாகிப் போகும்போது ஜெற்றியில் அப்பாவின் கைக்குள் அதை வைத்து அழுத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நடந்து போய்விட்டார். ஐந்து பேருக்கு ஒரு பதக்கம். ஐந்து வீட்டிலும் முறை வைத்தார்கள். மார்கழிக்கு மார்கழி அது அடுத்த வீட்டுக்குப் போகும். குணபால தன் காக்கிச் சட்டையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார், பதக்கம் அதில் சுற்றிக்கொண்டுதான் வரும், போகும். ஒருவர் செத்தால், அது யார் வீட்டில் இருந்தாலும், உடல் வெளிக்கிட முன்னம் அங்கே வந்துவிட வேண்டும். சிவகுருநாதனுக்கு நெஞ்சில் வைத்தார்கள். குணபாலவுக்குச் சேருவில வரையும் பஸ்ஸில் கொண்டு போனார்கள். அபூதாஹிருக்குக் கபன் துணிக்குள் எதுவும் வைக்கக்கூடாதென்று பள்ளி ஹஸரத் சொல்ல, சந்தூக்குப் பெட்டி வெளிக்கிடுமட்டும் அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றார்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. வீட்டுக்குள் மாத்திரம் தெரிந்தது இன்னொன்று இருந்தது. பதக்கம் வரும் வீடு சும்மா வைத்திருக்கக்கூடாது, அந்தத் துரையின் பேரைத் தேய்த்து அழிக்க வேண்டும். அரத்தால் ஒரு நிமிடத்தில் அராவி எடுத்திருக்கலாம். அப்பா விடவில்லை. “அராவினால் கள்ள வேலை. துலக்கினால் ஆரும் ஒண்டும் சொல்லேலாது” என்றார். புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டு, காக்கித் துணியால், வெள்ளிக்கிழமை தோறும். அவர்கள் வீட்டு முறை வரும்போது தேய்க்கிற வேலை கமலேஸ்வரிக்கு. பத்து வயதில் முதல் எழுத்தின் வால் அவள் கையில்தான் மறைந்தது. அப்பா விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பெரிய மீன் பிடித்தவர் மாதிரிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அவள் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

எல்லாம் சரி. பதக்கம் இன்னும் வரவில்லை.

பதினொன்று தாண்டியது. ஐயர் வந்து கும்பம் வைத்தார். முற்றத்தில் சுண்ணம் இடித்தார்கள். தெருவில் ஓட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கமலேஸ்வரி எட்டிப் பார்த்தாள். சவுக்கண்டித் துணிப்பந்தலின் கீழ் அப்பா நல்ல வெள்ளை வேட்டியும் சால்வையுமாகக் கிடந்தார். மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. “வரும் அப்பா” என்று அவள் மனதுக்குள் இரண்டு தரம் சொன்னாள். அவர் எப்போதும் போல ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் கழிந்தபின் ஒழுங்கைக்குள் வந்து நின்ற ஓட்டோவிலிருந்து ஸுஹைர் மாத்திரம் இறங்கினான். அவன் அந்தத் தெருச் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன். கமலேஸ்வரியைத் தேடிக் குசினிப் பக்கமாக வந்தான்.

“அக்கா, உங்கட கிண்ணியா ஆள உள்துறைமுக றோட்டுச் சென்றிப் பொயிண்டில நேவி மறிச்சி வச்சிரிக்கான். பெஞ்சில இரிக்காரு. ‘தண்டயல்ட வீட்டுக்கு விசயத்தச் செல்லு’ண்டு கண்ணக் காட்டினாரு.”

“ஏன் மறிச்சவங்கள்?”

“என்னமோ ஒரு வட்டத்தகடு. அதில படகு கிடக்காம்.”

முற்றத்தில் கதிரைகளில் இருந்த ஆண்கள் எல்லோருக்கும் அது கேட்டது. கமலேஸ்வரி வாசலில் வந்து நின்று அவர்களைப் பார்த்தாள். யாராவது ஒருவர் எழும்பிப்போய் இரண்டு சொல் சொன்னால் போதும். ஒருவர் வெற்றிலைத் தட்டத்தைக் கிட்ட இழுத்தார். ஒருவர் செருப்பைக் குனிந்து பார்த்தார். படகு போட்ட பதக்கத்தைத் தன்னுடையதென்று கேட்டு நேவியிடம் போய் நிற்க எந்தத் தமிழ் ஆம்பிளைக்கு விசர்? அவளுக்கும் அது விளங்கியது. விளங்கியபடியால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

“நான் போறன்” என்றாள்.

அப்பாவின் தங்கை அன்னலட்சுமி மாமி தலைமாட்டிலிருந்து எழும்பி ஓடி வந்தாள். “விசரே உனக்கு? பிரேதம் கிடக்கேக்க, அவிட்ட தலையோட, மகள் வாசலால இறங்கிறதோ?”

“வேற ஆர் மாமி இறங்கினது?”

கனகசுந்தரம் குறுக்கே வந்தான். “கமலா, ரெண்டு மணி.”

“தெரியும்” என்று சொல்லி, அலுமாரியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

சோதனைச் சாவடியில் தகரக் கூரையின் கீழ் ஒரு மேசை, மண்மூட்டைகள், ஒரு தண்ணீர்ப் பீப்பாய். ஸஹாப்தீன் வாங்கின் ஓரத்தில், வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கிண்ணியாத் துறையில் பாதை என்று சொல்லும் மிதவையைத் தவறவிட்டு, அடுத்ததுக்காக இரண்டு மணித்தியாலம் தோணித்துறையில் நின்றாராம். அந்த மிதவையில் ஏறி, பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, ஊர் வாசலில் வந்து அகப்பட்டுவிட்டார். அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். முகப்பரு மாறாத ஒரு நேவிப் பெடியன் கையைக் காட்டி அவரை இருத்தினான்.

பதக்கம் மேசையில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. கைக்கெட்டும் தூரம். கமலேஸ்வரி அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் பழகிய சிங்களத்தில், முடிந்த மட்டும் மரியாதையாக, அப்பா செத்துவிட்டார், இது அவருக்கு உரியது, அரை மணித்தியாலம் தந்தால் போதும் என்றாள். பெடியனுக்கு அவள் சிங்களம் பேசியதே சந்தேகமாகப் போய்விட்டது. உள்ளே போய், தலை நரைத்த மேலாள் ஒருவரை, பெற்றி ஒபிசரை, கூட்டி வந்தான்.

அவர் பதக்கத்தை எடுத்துப் பார்த்தார். “இது என்ன படகு?”

“துறைமுகத்து உயிர்காப்புப் படகு. முப்பது வருசத்துக்கு முந்தி. புயலில் கப்பல் ஆட்களைக் காப்பாற்றினதுக்குத் தந்தது.”

“அப்படி எங்கே எழுதியிருக்கிறது?”

“பின்பக்கம்—” என்றவள் அப்படியே நின்றாள்.

அவர் திருப்பினார். பின்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. கப்பலின் பேர் இல்லை, வருடம் இல்லை. பேரை மாத்திரம் அழிக்கத்தான் ஐந்து வீட்டிலும் நினைத்தார்கள். புளிக்கும் சாம்பலுக்கும் எது துரையின் பேர், எது கப்பலின் பேர் என்று தெரியுமா? எல்லாவற்றையும் துலக்கி எடுத்திருந்தது.

“போன மார்கழியில் ஒரு எழுத்துக் கிடந்தது” என்று அவள் ஸஹாப்தீனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். “கடைசி எழுத்து. இங்கிலீஷ் எழுத்து. நான் பாத்தனான் மாமா.”

ஸஹாப்தீன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யாருக்குக் கொடுத்தது? அந்த ஆளுடைய பேரையாவது சொல்லு” என்றார் பெற்றி ஒபிசர். அவர் உதவி செய்யத்தான் பார்த்தார். “துறைமுகத்து ஆளென்றால் நான் கேட்டுப் பார்க்கலாம்.”

கமலேஸ்வரி வாயைத் திறந்தாள். அவளுக்கு அந்தப் பேர் தெரியாது. சின்ன வயது முதல் கரைத்துரை, கரைத்துரை என்றுதான் கேட்டிருக்கிறாள். அந்த மனிதனின் சொந்தப் பேர் அவர்கள் வீட்டில் ஒரு தரமாவது ஒலித்ததில்லை. “மாமா, துரைக்கு என்ன பேர்?”

“வில்... வில்லெண்டு தொடங்கும் மகள்.” ஸஹாப்தீன் நெற்றியைத் தடவினார். “வில்லியமா? இல்ல... அல்லாஹ்வே, வாய்க்குள்ள வருகுது இல்ல.”

பெடியன் சிரித்துவிட்டான். பெற்றி ஒபிசர் சிரிக்கவில்லை. பதக்கத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

“கடற்புலிகளும் பதக்கம் கொடுக்கிறார்கள், அம்மா. இதில் படகு இருக்கிறது, பேர் இல்லை. நான் விட்டுவிட்டுப் பிறகு ஏதும் நடந்தால் என் தலைதான் போகும். நாலு மணிக்கு மேலதிகாரி வருவார். அவரிடம் கேள்.”

“ரெண்டு மணிக்குப் பிரேதம் எடுக்கிறம்.”

“நாலு மணிக்கு எடுங்கள்.”

“ஆறு மணிக்கு ஊரடங்கு போடுறது நீங்கள்தானே?”

அவள் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். இதை வைத்துக்கொண்டு அதைத் தரட்டும் என்றாள். தன்னை இங்கே இருத்திக்கொண்டு கிழவரிடம் கொடுத்துவிடட்டும் என்றாள். இரண்டாம் தரம் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது, அதற்காக அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. பெற்றி ஒபிசர் அட்டையை அவள் பக்கமாகத் தள்ளினார். “இந்தக் கிழவரைக் கூட்டிக்கொண்டு போ. அவரில் ஒன்றும் இல்லை.”

வெளிக்கிடும்போது பெடியன் பின்னால் கூப்பிட்டான். மேசையில் கிடந்த காக்கித் துண்டை இரண்டு விரலால் தூக்கி, முகத்தைச் சுழித்துக்கொண்டு, ஸஹாப்தீனிடம் நீட்டினான். அது மாத்திரம் தேவையில்லை என்றான்.

ஓட்டோ புறப்பட்டு ஒரு வளைவு போனதும் கமலேஸ்வரியால் அடக்க முடியவில்லை.

“அந்த எழுத்து எங்க மாமா?”

“இண்டைக்குக் காலைல எடுத்தன்.”

“இண்டைக்கோ? இண்டைக்குப் பாத்தோ?”

“ஜெமீல் வந்து மௌத்தச் செல்லக்குள்ள எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒரெழுத்து மிச்சம் கிடந்திச்சு. அருளண்ணன்ட நெஞ்சில வைக்கக்குள்ள அந்தாள்ட ஒரெழுத்தும் கிடக்கப்புடாதெண்டு நினைச்சன். என்ட பொஞ்சாதி உம்மு குல்சும் புளி கரைச்சித் தந்தா. நான் தேய்ச்சன், அவ தேய்ச்சா. அவக்கு மூச்சு வாங்க நான் தேய்ச்சன். பாதைக்குப் பிந்திப் போச்சு அதாலதான்.”

“அந்த எழுத்துக் கிடந்திருந்தால் அவங்கள் இங்கிலீஷ் எண்டு பாத்திருப்பாங்கள். விட்டிருப்பாங்கள். நீங்கள் பாதைக்கு முந்தி வந்திருந்தால் கூட்டம் குறைவு, செக் பண்ணியிருக்கமாட்டாங்கள். ஏன் மாமா? முப்பது வருசம் கிடந்தது, இண்டைக்கு ஒரு நாள் கிடந்தால் என்ன?”

கிழவர் வெயிலில் கண் கூசிக்கொண்டு, காக்கித் துண்டை மடியில் விரித்து, திரும்பவும் மடித்தார். அழவேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. கடற்படைமேல், அண்ணன்மேல், இந்தக் கிழவன்மேல், ஒரு பேருக்காக முப்பது வருடம் புளி கரைத்த தன் தகப்பன்மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து வயதில் முதல் வாலைத் தேய்த்தெடுத்துவிட்டுப் பெருமைப்பட்ட தன்மேல்.

“அருளண்ணன்ட முகத்த எப்பிடிப் பாக்கிற?” என்றார் ஸஹாப்தீன், தனக்குத்தானே.

வீட்டில் பறை அடிக்கத் தொடங்கியிருந்தது. பெட்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. பெண்கள் வாய்க்கரிசி போட்டு முடிந்து, மகளுக்காக மாத்திரம் நின்றார்கள். கனகசுந்தரம் ஈரவேட்டியும் பூணூலுமாக, கொள்ளிக்குடம் வைக்க ஆயத்தமாக நின்றான். அவள் கையைப் பார்த்தான். வெறுங்கை. அவன் முகத்தில் ஏதோ இளகியது. தங்கைக்காகவோ தகப்பனுக்காகவோ தெரியாது.

“தரேல்லையோ?”

“நாலு மணிக்காம்.”

“அரிசியைப் போடு கமலா” என்றான் மெதுவாக.

ஸஹாப்தீன் தலைமாட்டில் போய் நின்றார். சனம் அவருக்கு விலகி இடம் விட்டது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். கை தன்பாட்டில் காக்கித் துண்டை மடித்து மடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. காக்கி என்று பேர்தான், துணி முழுக்கக் கறுத்து, எண்ணெய் ஊறியது போல மினுங்கியது. விரலிடுக்கெல்லாம் அந்தக் கறுப்பு.

கமலேஸ்வரி அரிசியைக் கையில் அள்ளிய பிறகுதான் அதைப் பார்த்தாள். அவளுக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. பதக்கத்தில் இல்லாதது எங்கே போயிருக்கும் என்று ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. புளித் தண்ணீரோடு கிணற்றடியில் போயிருக்கும் என்றுதான் நினைத்திருப்பாள். கப்பலின் பேர், வருடம், துரையின் பேர், பத்து வயதில் அவள் எடுத்த வால், இன்று காலை உம்மு குல்சும் மாமி மூச்சு வாங்க வாங்கத் தேய்த்த கடைசி எழுத்து, எல்லாம் இந்தச் சட்டைத் துண்டில்தானே ஏறியிருக்கின்றன?

“மாமா, அதைத் தாங்கோ.”

அவர் விளங்காமல் அவளைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். “இதுவா மகள்? இது வெறும் ஊத்தை...”

“தாங்கோ.”

அவள் வாங்கி, அப்பாவின் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, துண்டை உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் திரும்ப மூடினாள். விறைத்த விரல்கள் லேசில் மூடவில்லை. அழுத்திப் பிடித்தாள். வெள்ளைச் சால்வையின் கரையில் கறுப்பு ஒட்டியது.

“என்ன பிள்ளை இது, ஊத்தைத் துணியைப் போய்!” என்று அன்னலட்சுமி மாமி கையை நீட்டிக்கொண்டு, பின்னால் நின்ற தன் மகளைக் கூப்பிட்டாள். “எடு, எடு. சால்வை பழுதாப் போச்சு. புஸ்பராணி, உள்ள புதுச் சால்வை ஒண்டு கிடக்கு—”

“வேண்டாம் மாமி.”

“கமலா...” என்றான் கனகசுந்தரம்.

“அப்பான்ர கைவேலை அண்ணை. அவர் கொண்டு போகட்டும்.”

அவன் ஸஹாப்தீனைப் பார்த்தான். கிழவர் தோள் குலுங்க, தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கனகசுந்தரம் கடிகாரம் இல்லாத மணிக்கட்டை ஒருதரம் பார்த்துவிட்டு, பெட்டியை மூடச் சொல்லித் தலையை ஆட்டினான். கமலேஸ்வரி வாய்க்கரிசி போட்டாள். அவள் விரலிலிருந்த கறுப்புப் பட்டு, அப்பாவின் உதட்டில் விழுந்த அரிசியில் இரண்டு மூன்று மணி சாம்பல் நிறமாகக் கிடந்தன.

பெண்கள் படலை வாசல் வரையும்தான் போகலாம். பறை ஒழுங்கை மூலையில் திரும்பி மறையுமட்டும் அவள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்கள். புஸ்பராணி வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினாள். மாமி சவுக்காரத்தைக் கையில் வைத்து, “அந்தக் கறுப்பைத் தேய்ச்சுக் கழுவு. புளி வேணுமெண்டால் கொண்டாறன்” என்றாள்.

கமலேஸ்வரி விரல்களை விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறியிருந்தது. சவுக்காரத்தைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். உள்ளே போய் உடுப்பை மாற்றி, ஈரத்தலையை அள்ளி முடிந்து, மேசையில் கிடந்த அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

முற்றத்தில் கதிரைகள் தாறுமாறாகக் கிடந்தன. ஒன்றில் ஸஹாப்தீன் மாத்திரம் இருந்தார். சுடலைக்குப் போகவில்லை. யாரோ கொடுத்த தேத்தண்ணி காலடியில் ஆறிக் கிடந்தது.

“நாலாகுதா மகள்?” என்று கேட்டார்.

“ஆகப் போகுது. வாங்கோ, சென்றிக்குப் போவம்.”

அவர் கதிரையின் கைப்பிடியை ஊன்றி எழும்பினார். அவள் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.